சதுரக் குமிழி ஏன் வரவில்லை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் ஐந்து வயது மகளுக்கு இப்போது சோப்புக் குமிழிதான் உலகம். பாத்திரம் கழுவும் லிக்விடைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் நுரைதான் பொங்குகிறது. வரும் ஒன்றிரண்டு குமிழிகளும் உடனே உடைகின்றன. லிக்விடைக் கூட்டியும் பயனில்லை. நேற்று கம்பியைச் சதுரமாக வளைத்துத் தரச் சொல்லி ஊதிவிட்டு, "சதுரக் குமிழி ஏன் வரல?" என்றாள். என்ன பதில் சொல்ல?

க.

அன்புள்ள க.,

அவளுடைய கேள்வி நல்ல கேள்வி. அதற்கு முன் கரைசலைச் சரிசெய்துவிடுவோம்.

குமிழியின் தோல் பெரும்பாலும் தண்ணீர்தான். அதன் உள்ளும் புறமும் சோப்பு மெல்லப் படர்ந்திருக்கும், அவ்வளவே. தண்ணீர் கீழே வடிந்தோ காற்றில் உலர்ந்தோ தோல் மெலிந்தால் குமிழி உடையும். அதனால்தான் சோப்பைக் கூட்டிப் பயனில்லை. தண்ணீரைப் பிடித்துவைக்க ஏதாவது வேண்டும். மருந்துக்கடைக் கிளிசரின் போதும்.

தண்ணீர் 300 மி.லி., லிக்விட் 50 மி.லி., கிளிசரின் 25 மி.லி. தண்ணீரை முதலில் ஊற்றி, மற்றவற்றைச் சேர்த்து, கரண்டியால் மெதுவாகக் கலக்குங்கள். அடித்துக் கலக்கினால் மறுபடி நுரைதான். மேலே மிதக்கும் நுரையை வழித்துவிட்டு ஓர் இரவு மூடிவையுங்கள். உப்புத்தண்ணீர் வேண்டாம். கிளிசரினுக்குப் பதில் இரண்டு தேக்கரண்டி சர்க்கரையும் உதவும். எறும்பு வந்தால் என்னைத் திட்டக்கூடாது.

வளையத்தின் மேல் பருத்தி நூலை நெருக்கமாகச் சுற்றிவிடுங்கள். நூல் கரைசலைக் குடித்து வைத்துக்கொண்டு தோலுக்கு ஊட்டும். மின்விசிறியை நிறுத்துங்கள். வெயில் ஏறாத காலையோ மழை விட்ட நேரமோ நல்லது. ஸ்ட்ராவில் ஊதுவதானால், வாய்ப்பக்கம் ஊசியால் ஒரு துளை போட்டுவிடுங்கள். மறந்து உறிஞ்சினாலும் காற்றுதான் வரும்.

உலர்ந்த விரல் பட்டால் குமிழி உடையும். விரலைக் கரைசலில் முக்கிவிட்டுக் குத்தச் சொல்லுங்கள். விரல் உள்ளே போகும், வெளியே வரும், குமிழி அப்படியே நிற்கும். அன்றைக்கு வேறு விளையாட்டு தேவைப்படாது.

இனி சதுரம். சோப்புத் தோல் எப்போதும் தன்னைச் சுருக்கிக்கொள்ளவே இழுக்கும். உள்ளே அடைபட்ட காற்றை மிகக் குறைந்த தோலால் மூட உருண்டையை விட்டால் வேறு வடிவம் இல்லை. வளையத்தை விட்டுப் பிரிந்த கணமே கம்பியின் வடிவம் அதற்கு மறந்துவிடும். இதை உடனே சொல்லிவிடாதீர்கள். முக்கோணம், நட்சத்திரம் எல்லாம் வளைத்துக் கொடுங்கள். அவளே ஊதி ஊதிப் பார்க்கட்டும்.

பெல்ஜியத்தின் ழோசப் பிளாத்தோ (கிரேக்கத்துப் பிளேட்டோ வேறு) இந்தத் தோல்களைப் பற்றிப் பெரிய நூலொன்றை 1873-இல் வெளியிட்டார். அவர் பார்வையிழந்து அப்போது பல ஆண்டுகள் ஆகியிருந்தன. மற்றவர்கள் பார்த்துச் சொல்லச் சொல்ல ஆராய்ந்தவர். அவர் பயன்படுத்திய கம்பிச் சட்டம் ஒன்று உங்கள் மகளுக்கு உதவும்.

4 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தைக் கம்பியில் செய்து, ஒரு மூலையில் கைப்பிடி வையுங்கள். ஆழமான டம்ளரில் முழுவதும் மூழ்கவிட்டு மெல்லத் தூக்குங்கள். தோல்கள் வெளிப்பக்கங்களை மூடாது. பன்னிரண்டு விளிம்புகளிலிருந்தும் உள்நோக்கிச் சாய்ந்து, நடுவில் சின்னச் சதுரத் தோலொன்றில் போய்ச் சேரும். ஸ்ட்ராவின் நுனியைக் கரைசலில் நனைத்து, அந்த நடுவில் வைத்து மிக மெதுவாக ஊதச் சொல்லுங்கள். முதல் இரண்டு மூன்று முறை தோல் கிழியும். பெரும்பாலும் வேகமாக ஊதுவதால்தான்.

சரியாக வந்தால், பக்கங்கள் லேசாகப் புடைத்த ஒரு சதுரக் குமிழி நடுவில் நிற்கும்.