நூறு பூக்களும் ஒரு கவிஞரும் – கடிதம்

அன்புள்ள சார்,

சீன எழுத்தாளர் ஷென் சோங்வென் பற்றி நீங்கள் எழுதியிருந்த கட்டுரையில் குவோ மோருவோ என்ற பெயர் ஒரே ஒரு வரியில் வந்துபோகிறது, ஷென்னைத் தாக்கி எழுதியவராக. யார் இந்த ஆள் என்று தேடப் போய் நன்றாக மாட்டிக்கொண்டேன். துணைப் பிரதமராக இருந்திருக்கிறார். அறிவியல் கழகத்துக்குத் தலைவர். பெய்ஜிங்கில் பெரிய வீடு. 1967இல் ஒரு மகன் தற்கொலை செய்துகொள்கிறான். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மேடையேறி மாவோவின் மனைவியைப் புகழ்ந்து கவிதை வாசிக்கிறார். அடுத்த வருடம் இன்னொரு மகனும் போகிறான். அப்போதும் பதவியில்தான் இருக்கிறார்.

எதிர்த்திருக்க வேண்டும் என்றுகூட நான் சொல்லவில்லை சார். வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாமே? இது பயமா, ஆசையா? இப்படிப்பட்டவரின் கவிதையை நாம் எதற்குப் படிக்க வேண்டும்?

வி.,
ஈரோடு

அன்புள்ள வி.,

உங்கள் எரிச்சல் நியாயமானதுதான். சீனாவிலேயே இன்றைய வாசகர்கள் பலர் அவரைக் கேலிப்பொருளாகத்தான் பார்க்கிறார்கள். ஆனால் பயம், ஆசை என்று இரண்டே கட்டத்துக்குள் அவரை அடைக்க என்னால் முடியவில்லை. இரண்டும் அவரிடம் இருந்தன, இல்லை என்று யார் சொல்ல முடியும்? அதற்கும் கீழே வேறொன்று இருந்தது. எதைக் கண்டாலும் அதில் முழுசாகக் கரைந்துபோகிற சுபாவம். விலகி நின்று பார்க்க அவருக்கு வரவே வராது. அவருடைய நல்ல கவிதைகளும் அங்கிருந்துதான் வந்தன, கேவலமான கவிதைகளும் அங்கிருந்துதான் வந்தன.

1919ஆம் ஆண்டுக் குளிர்கால விடுமுறை. ஜப்பானில் ஃபுகுவோகா நகரம். குவோ அங்கே மருத்துவ மாணவர். காலையில் நூலகத்துக்குப் போனவருக்குக் கவிதை பொங்குகிறது. நூலகத்தின் பின்பக்கம் ஆள் நடமாட்டமில்லாத கல் பாவிய பாதை. மரச்செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு இங்கும் அங்கும் நடக்கிறார். அதுவும் போதாமல் அப்படியே தரையில் படுத்துவிடுகிறார். பூமித்தாயின் தோலைத் தொட வேண்டும், அவள் தன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று தோன்றியதாகப் பின்னால் அவரே எழுதினார். 'பூமியே, என் தாயே' என்ற கவிதை பிறந்தது அப்படி. யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அதற்கு முன்னால் தாகூரில் மூழ்கியிருந்தார். அப்புறம் அமெரிக்கக் கவிஞர் விட்மன். 1921இல் 'தேவியர்' தொகுப்பு வந்தது. அதில் 'வானத்து நாய்' என்றொரு கவிதை. கிரகணத்தின்போது நிலவை விழுங்குவது நமக்கு ராகு என்னும் பாம்பு, சீனர்களுக்கு ஒரு நாய். அந்த நாயே நான்தான் என்கிறார் குவோ. நிலவை விழுங்கினேன், சூரியனை விழுங்கினேன், எல்லாக் கோளையும் விழுங்கினேன், பிரபஞ்சத்தையே விழுங்கினேன் என்று போகிறது. வரிக்கு வரி 'நான்'. அடக்கத்தையே அழகாகக் கொண்டாடிய ஒரு கவிதை மரபில் அந்த 'நான்' எப்படி விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். (விட்மனை நமக்குச் சொன்ன பாரதி மறைந்ததும் அதே வருடம்தான்.)

கோழை என்கிறவர்களுக்கு நான் 1927ஐக் காட்டுவேன். தேசியவாதக் கட்சியின் தளபதி சியாங் கை ஷேக்கின் கை ஓங்கிக்கொண்டிருந்த நேரம். அவருடைய படையின் அரசியல் துறையிலேயே பொறுப்பில் இருந்த குவோ, அவரைக் கொலைகாரர் என்று பகிரங்கமாக எழுதினார். கைது உத்தரவு வந்தது. கம்யூனிஸ்டுகளின் நான்சாங் ஆயுத எழுச்சியில் சேர்ந்தார், அந்த ஓட்டத்திலேயே கம்யூனிஸ்ட் கட்சியிலும் சேர்ந்தார். 1928இல் தப்பி மறுபடியும் ஜப்பான். அங்கே சுமார் பத்து வருடம் போலீஸ் கண்காணிப்பில் உட்கார்ந்து, ஆமையோட்டிலும் எலும்பிலும் கீறப்பட்ட மூவாயிரம் வருடத்துப் பழைய சீன எழுத்துகளைப் படிக்கக் கற்றுக்கொண்டார். அந்தத் துறையின் நான்கு பெரிய பெயர்களில் இன்றும் அவருடையது ஒன்று. 1948இல் தேசியவாத அரசின் ஆய்வுக்கழகமே, இவர் இடதுசாரி என்று தெரிந்தும், உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. ஆக, சரக்கில்லாத ஆளைக் கட்சி தூக்கி உட்கார வைத்தது என்றும் சொல்ல முடியாது.

1937இல் சீன ஜப்பான் போர் தொடங்கியதும் ஜப்பானிய மனைவியையும் ஐந்து குழந்தைகளையும் வீட்டில் விட்டுவிட்டு விடியற்காலையில் கிளம்பி நாடு திரும்பினார். பதினொரு வருடம் கழித்து அந்தப் பெண் ஹாங்காங்குக்குத் தேடி வந்தபோது இங்கே வேறொரு குடும்பம் இருந்தது. தேசபக்தி என்று வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். அந்த அம்மாவைக் கேட்டால் என்ன சொல்லியிருப்பாரோ.

கட்சி அவரைச் சுவீகரித்த நாள் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் 1941 நவம்பரைச் சொல்லலாம். சோங்சிங்கில் அவருடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்கு விழா எடுத்தவர் கட்சித் தலைவர்களில் ஒருவரும் பின்னாளில் பிரதமரானவருமான சூ என்லாய். நவீன சீன இலக்கியத்தின் முன்னோடி லூ சுன்னுக்குப் பிறகு இவர்தான் வழிகாட்டி என்று அவரே எழுதவும் செய்தார். அடுத்த ஜனவரியில் பத்தே நாளில் 'ச்சூ யுவான்' நாடகத்தை எழுதி முடித்தார் குவோ. அரசனுக்குப் பிடிக்காததைச் சொல்லி விரட்டப்பட்டு ஆற்றில் விழுந்து செத்த பழங்காலக் கவிஞரின் கதை. அந்தக் கவிஞர் காற்றையும் இடியையும் மின்னலையும் கூப்பிட்டு இந்த இருட்டை வெடித்துத் தள்ளு என்று கத்துகிற நீண்ட வசனம் ஒன்று உண்டு. சியாங் கை ஷேக்கின் போர்க்காலத் தலைநகரில், அவர் மூக்குக்கு நேராக அது மேடையேறியது.

1949க்குப் பிறகு எல்லாம் கைக்கு வந்தது. துணைப் பிரதமர் பதவி 1954 வரை. அறிவியல் கழகத் தலைவர் பதவி சாகும்வரை. கலை இலக்கியக் கூட்டமைப்பின் தலைவர். ஸ்டாலின் அமைதிப் பரிசு. நீங்கள் சொல்லும் அந்த வீட்டுக்கு 1963இல் குடிபோனார். ஒரு காலத்தில் இளவரசர் குங் மாளிகையின் குதிரை லாயம் இருந்த இடம் அது. பிறகு ஒரு மருந்துக்கடைக் குடும்பத்தின் வீடானது, அப்புறம் மங்கோலியத் தூதரகம், அப்புறம் சன் யாட்சென்னின் மனைவி சோங் சிங்லிங் இருந்தார். இப்போது அருங்காட்சியகம்.

இனி உங்கள் கேள்வி. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே?

ஷென் சோங்வென் இருந்தார். நாவல், கதை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வரலாற்று அருங்காட்சியகத்தில் பழம்பொருள்களுக்குக் குறிப்புச்சீட்டு எழுதினார். அவரால் முடிந்ததற்குக் காரணம் அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. அப்படி ஆக்கியதில் குவோவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1948இல் ஹாங்காங்கிலிருந்து எழுதிய கட்டுரையில் ஷென்னுக்கு 'இளஞ்சிவப்பு' எழுத்தாளர் என்று பட்டம் கட்டினார், ஆபாசம் என்ற பொருளில். பீகிங் பல்கலைக்கழக மாணவர்கள் அதைப் பெரிய எழுத்தில் சுவரொட்டியாக ஒட்டினார்கள். 1949 மார்ச்சில் ஷென் கழுத்தையும் மணிக்கட்டையும் அறுத்துக்கொண்டு மண்ணெண்ணெயையும் குடித்தார். பிழைத்தது அதிர்ஷ்டம். பின்னாளில் ஷென் பழஞ்சீன உடைகள் பற்றி ஒரு பெரிய ஆய்வு நூல் எழுதினார். 1981இல் அது வெளிவந்தபோது முன்னுரை குவோ மோருவோவுடையது, 1964இலேயே எழுதிக் கொடுத்தது.

குவோவுக்கு அந்த மௌனம் கிடைக்க வழியில்லை. கலை இலக்கியத் தலைவர் ஒரு நிகழ்ச்சிக்குக் கவிதை எழுதவில்லை என்றால் அதற்கும் ஒரு அர்த்தம் கற்பிக்கப்படும். பதவி என்பது அங்கே பேசும் உரிமை அல்ல, ஆஜர் கொடுக்கும் கடமை. மாவோவே அவர் கவிதைக்குப் பதில் கவிதை எழுதுகிறவர், அப்புறம் எங்கே ஒதுங்குவது? ஆனால் கேட்டதற்கு மட்டும் எழுதினாரா என்றால், அதுவும் இல்லை. கேட்டதற்கு மேலேயே எழுதினார். 'நூறு பூக்கள் மலரட்டும்' என்றார் மாவோ. அதை நம்பி வாய்திறந்தவர்களை 1957இல் வலதுசாரிகள் என்று முத்திரை குத்தி வேலையைப் பறித்து உழைப்பு முகாம்களுக்கு அனுப்பினார்கள். 1958 வசந்தத்தில் குவோ என்ன செய்தார் தெரியுமா? பூக்களின் பட்டியல் போட்டு, ஒவ்வொரு பூவுக்கும் ஒரு கவிதை எழுதி, 'நூறு பூக்கள் மலர்க' என்று ஒரு தொகுப்பே கொண்டுவந்தார். மொத்தம் 101 கவிதைகள். ஒன்று கூடுதல்! இதை எந்தத் துப்பாக்கியும் எழுதச் சொல்லவில்லை. நூலகத்தின் பின்னால் தரையில் உருண்ட அதே ஆள்தான் இவர். அன்று பூமி, இன்று கட்சி.

1966 ஏப்ரலில், இன்றைய அளவுகோலின்படி நான் இதுவரை எழுதிய எல்லாவற்றையும் எரித்துவிட வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் பேசினார். கலாச்சாரப் புரட்சி முழுமூச்சாகத் தொடங்கவே இல்லை அப்போது. காற்று எந்தப் பக்கம் அடிக்கப்போகிறது என்பதை முகர்ந்துவிட்டார். ஆகஸ்டில், மாவோவின் பெயரால் கிளம்பிய மாணவர் படைகளான செங்காவலர்கள் அடித்து அவமானப்படுத்திய மறுநாள், நாவலாசிரியர் லாவோ ஷ ஒரு ஏரியில் இறங்கி உயிரை விட்டார். அந்த மாதக் கடைசியில் சூ என்லாய் தயாரித்த, பாதுகாக்கப்பட வேண்டியவர்களின் பட்டியலில் குவோ பெயர் இருந்தது.

பட்டியலில் பிள்ளைகள் இல்லை. மின்யிங் 1967 ஏப்ரலில் இறந்தான். ஜூன் 5 அன்று ஆசிய ஆப்பிரிக்க எழுத்தாளர் கூட்டத்தில் மாவோவின் மனைவியைப் புகழ்ந்த அந்தக் கவிதை, 'அன்புத் தோழர் சியாங் சிங்' என்று. இன்னொரு மகன் ஷியிங் விவசாயப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தான். 1968 ஏப்ரலில் சக மாணவர்கள் அவனைப் பிடித்துக்கொண்டு போய் அடைத்தார்கள். சூ என்லாயைச் சந்திக்கிற வாய்ப்பு இருந்தும் அப்பா வாய்திறக்கவில்லை, சூவுக்கு அவ்வளவு தலைவலி இருக்கும்போது இதை எப்படிச் சொல்வது என்று தயங்கினார் என்கிறார்கள். மூன்றாவது நாள் பையன் மாடியிலிருந்து விழுந்து செத்தான். தள்ளினார்களா, குதித்தானா என்பது இன்றுவரை பேச்சாகவே இருக்கிறது. வயது 26. அதன் பிறகு குவோ ஒரு காரியம் செய்தார். மகனின் நாட்குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு, தூரிகையால், வரி விடாமல், தன் கையால் நகலெடுத்தார். சீனாவின் மிகப் பிரபலமான கையெழுத்துகளில் ஒன்று அவருடையது, பலகைகளுக்கும் வாயில்களுக்கும் எழுதி வாங்க வரிசையில் நிற்பார்கள். இதை யாரும் கேட்கவில்லை. அவராக ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

வாயை மூடிக்கொண்டு அவர் எழுதியது என்றால் அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மற்றபடி கடைசிவரை அப்படியேதான். 1974 ஜனவரியில், கன்பூசியஸை எதிர்க்கும் இயக்கத்துக்கான பெருங்கூட்டத்தில், 81 வயதில் அவரைப் பெயர் சொல்லி எழுந்து நிற்க வைத்தார்கள். நிற்க வைத்தது அதே அன்புத் தோழர்தான். அடுத்து, கன்பூசியஸைப் பாராட்டிய தன் பழைய புத்தகத்தின் தவறு தீ போலத் தெரிகிறது என்று தானே ஒரு கவிதை எழுதினார். 1976 மே மாதம் கலாச்சாரப் புரட்சியின் பத்தாண்டு வெற்றியை வாழ்த்தி ஒரு பழைய சந்தத்தில் பாடினார். மாவோ போனார், சியாங் சிங் கைதானார். அக்டோபரில் அதே சந்தத்தில் சியாங் சிங்கும் கூட்டாளிகளும் அடங்கிய 'நால்வர் கும்பல்' ஒழிந்ததைக் கொண்டாடினார். வார்த்தைகள் மட்டும் வேறு. அந்த இரண்டாவது பாட்டு நாடெங்கும் வாயில் நின்றது, ஓபரா நடிகை ஒருவர் பாடி இன்னும் பிரபலமாக்கினார். 1978 ஜூனில் இறந்தார்.

படிக்க வேண்டுமா என்றால், 'தேவியர்' படியுங்கள், 'வானத்து நாய்' ஒன்றையாவது. 'ச்சூ யுவான்' நாடகம் சத்தமாகப் படிக்க வேண்டியது, கொஞ்சம் மிகையாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பீகிங் அயல்மொழிப் பதிப்பகம் போட்ட ஆங்கில மொழிபெயர்ப்புகள் பழைய புத்தகக் கடைகளில் கிடைக்கின்றன, சோவியத் புத்தகங்கள் போல மலிவாகவே. 101 பூக்கள் பக்கம் போக வேண்டாம். பத்து பூவுக்கு மேல் என்னாலேயே தாண்ட முடியவில்லை.