ஈடிபஸிடம் ‘குறை’ தேடுவதை நிறுத்துங்கள்

நண்பரே, சோஃபக்ளீஸின் ‘ஈடிபஸ் மன்னன்’ நாடகத்தை (அறியாமலே தந்தையைக் கொன்று தாயை மணந்தவனின் கதை) மூன்று முறை படித்தும், வழிகாட்டி நூல்கள் சொல்லும் “ஆணவம்தான் அவன் வீழ்ச்சிக்குக் காரணம்” என்பது ஒட்டவில்லை என்கிறீர்கள். ஒட்டாததுதான் சரி.

சிக்கல் ‘ஹமார்தியா’ என்ற கிரேக்கச் சொல்லில்; நாயகனை வீழ்த்தும் பிழையைக் குறிக்கும் அதை வழிகாட்டிகள் குணக்கேடு என்று எடுத்துக்கொள்கின்றன. அரிஸ்டாட்டில் ‘கவிதையிய’லின் 13ஆம் அத்தியாயத்தில் அதைப் பயன்படுத்துகிறார். அதன் வினைச்சொல் ஹோமரிடம் எறிந்த ஈட்டி குறி தப்புவதைக் குறிக்கும். அறியாமல் செய்த பிழை என்று எடுத்துக்கொண்டால் ஈடிபஸுக்குப் பொருந்தும்; குணக்கேடு என்றால் இழுத்துப் பிடித்துத்தான் பொருத்த வேண்டும். தவிர, அரிஸ்டாட்டில் பிறந்ததே சோஃபக்ளீஸ் இறந்து இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. அவர் சொன்னதை நாடகத்துக்கான சட்டமாக வைக்காதீர்கள்.

முதலில் கிரேக்க இலக்கிய அறிஞர் ஈ. ஆர். டாட்ஸ் 1966இல் எழுதிய ‘ஈடிபஸ் ரெக்ஸைத் தவறாகப் புரிந்துகொள்வது பற்றி’ கட்டுரையைப் படியுங்கள். சிறியது. மாணவர்களின் தேர்வு விடைகளில் கண்ட மூன்று தவறுகளை எடுத்து உடைக்கிறார். உங்கள் வழிகாட்டி சொல்வது அதில் முதலாவது! ஈடிபஸ் விதியின் பொம்மை என்பது இரண்டாவது. தந்தையைக் கொல்வான் என்பது முன்பே சொல்லப்பட்டதுதான்; ஆனால் உண்மையைத் தோண்டியெடுக்கச் சொல்லி யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. அவன் மனைவி யொகாஸ்டா வேண்டாமென்று கெஞ்சுகிறாள், கிழட்டு இடையனும் தயங்குகிறான், இவன் விடவில்லை.

பிறகு இதே நாடகம் பற்றி அறிஞர் பெர்னார்ட் நாக்ஸ் எழுதிய 1957 நூல். விசாரணை, மருத்துவம், கணிதச் சொற்கள் வசனத்தில் எப்படி ஓடுகின்றன என்று காட்டுவார். வரிவரியான உரைக்கு உரையாசிரியர் ஜெப் இருக்கிறார்; பழையவர், ஆனால் அவர் உரை பெர்சியஸ் இணைய நூலகத்தில் இலவசம்.