கம்பளமும் கம்பளியும்

வணக்கம் சார்,

குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட் லைன் வீட்டில் பாட்டியோடு இருக்கிறேன். வயது 24. விழித்திரை நோயால் 17 வயதில் பார்வை முழுக்கப் போய்விட்டது. எங்கள் மலையைப் பற்றி பாட்காஸ்ட் செய்ய வேண்டும் என்று மூன்று மாதமாகப் பழகுகிறேன். பேச்சில் தப்பு வந்தால் ஒரு கைதட்டு தட்டு, எடிட் செய்யும்போது அந்த இடம் திரையில் முள் மாதிரி நிமிர்ந்து தெரியும் என்று யூடியூபில் சொல்கிறார்கள். எனக்கு எப்படித் தெரியும்? திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்க்ரீன் ரீடர் பேசுவதும் பதிவில் விழுந்துவிடுகிறது. தகரக் கூரையில் மழை பிடித்தால் அன்றைக்கு வேலையே ஓடாது. பார்வை இல்லை என்பதை நிகழ்ச்சியில் சொல்ல வேண்டுமா? முதல் எபிசோடை இணைத்திருக்கிறேன். குறைகளைச் சொல்லுங்கள். பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் வந்த வாரம், என் பழைய பயணக் கட்டுரைகளைத் தொகுப்பதற்காகத் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். அதே நாளில் உங்கள் எபிசோடையும் கேட்டேன். இரண்டிலும் ஒரே வியாதி. அதனால்தான் இந்தப் பதில்.

முதலில் கருவி விஷயம். எனக்கு இதில் கேள்வி ஞானம்தான். பார்வையற்ற ஒலித்தொகுப்பாளர் நண்பர் ஒருவரைப் போனில் பிடித்துக் கேட்டு எழுதுகிறேன். கைதட்டும் யோசனை கண்ணுள்ளவர்களுக்காகச் செய்தது, அதைத் தூக்கிப்போடுங்கள். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் ஆர் அழுத்தினால் பதிவு, ஸ்பேஸ் அழுத்தினால் நிற்கும். தப்பு வந்த நொடியில் கன்ட்ரோல் எம் அழுத்தினால் அங்கே ஒரு அடையாளம் விழும். அப்புறம் ஆல்ட்டோடு இடது வலது அம்புக்குறியை அழுத்தி ஒவ்வொரு அடையாளமாகத் தாவிப் போகலாம். கை பழகியதும் ரீப்பர் என்ற பெரிய மென்பொருளுக்கு மாறுங்கள், கூடவே அதை ஸ்க்ரீன் ரீடரோடு பேச வைக்கிற ஓசாரா என்ற இணைப்பையும் போட்டுக்கொள்ளுங்கள். ஒலி அளவு எல்லை மீறினால் வாய்விட்டுச் சொல்லும்படி அதில் அமைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் சிவப்பு விளக்கைப் பார்த்துத் தெரிந்துகொள்வது அதைத்தான். உங்கள் ஸ்க்ரீன் ரீடர் என்விடிஏ என்றால், அது பதிவில் விழுகிறதென்றால் அதன் குரல் ஸ்பீக்கரில் வருகிறது என்று அர்த்தம். காதை மூடுகிற ஹெட்போன் போட்டால் முக்கால்வாசித் தொல்லை தீர்ந்தது. மிச்சத்துக்கு, பேசும்போது அது அடங்குகிறவரை இன்சர்ட் எஸ் அழுத்தி அதன் வாயை அடைத்துவிடுங்கள். பழையபடி பேசுகிறவரை அதையே மறுபடி அழுத்தினால் போதும்.

பார்வை பற்றிச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் பாடு. கேட்கிறவனுக்கு நீங்கள் பத்திரம் எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை.

சரி, குறைகளைச் சொல்லச் சொன்னீர்களே, வாங்கிக்கொள்ளுங்கள். எபிசோடு எப்படித் தொடங்குகிறது? "எழில் கொஞ்சும் நீலகிரியின் மலைச்சரிவுகளில் பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற தேயிலைத் தோட்டங்கள்..." ஏனம்மா? அந்தத் தோட்டத்துக்குள்ளேயே வீடு. பாட்டி கொழுந்து பறிக்கிறவர். உங்களுக்கு எதற்கு இந்தக் கம்பளம்? சுற்றுலா மலர் எழுதுகிறவன் பாவம், அரை நாள் வந்து போகிறவன், அவனுக்கு அது போதும். நீங்கள் ஏன் அவனிடம் கடன் வாங்குகிறீர்கள்?

எனக்கு ஒரு சித்தப்பா. பிறவியிலேயே பார்வை கிடையாது. குன்னூரில் ஒரு அரசு அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர். 1986ல் அவரோடு மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் ஏறினேன். அப்போதுதான் எழுத ஆரம்பித்திருந்த திமிர் எனக்கு. அவருக்குக் காட்சிகளை வர்ணிப்பது என் கடமை என்று நினைத்துக்கொண்டு, "சித்தப்பா, அந்தப் பக்கம் முழுக்கப் பச்சைக் கம்பளம் விரிச்ச மாதிரி இருக்கு" என்றேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. "ஏண்டா தம்பி, நீ எங்கடா கம்பளத்தப் பாத்தே? நம்மூட்ல கம்பளிதான்டா இருக்குது" என்றார்.

அதற்கப்புறம் அவர்தான் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். கல்லாறு தாண்டியதும் பெஞ்சில் கை வைத்துப் பார்க்கச் சொன்னார். அதுவரை வழுக்கிக்கொண்டு வந்த வண்டி, பல்சக்கரம் தண்டவாள நடுவிலிருக்கும் பல்லைக் கவ்வியதும் கடகடவென்று நடுங்க ஆரம்பித்தது. எஞ்சின் மூச்சு வாங்குவது பின்னாலிருந்து கேட்டது. ஏற்றத்தில் அது பின்னால் நின்று தள்ளுகிறது என்பதையே அன்றைக்குத்தான் கவனித்தேன். குகைக்குள் நுழைந்தால் அந்தச் சத்தம் இரண்டு காதையும் வந்து அடைத்தது. பாலம் வந்தால் காலுக்குக் கீழே தரை பொள்ளலாகிப்போனது. ஹில்குரோவ் ஸ்டேஷனில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கிறவரை கீழே நின்று ஒரு டீ குடித்தோம். குன்னூரோடு தண்டவாளப் பல் முடிந்து நடுக்கம் நின்றபோது, "இனி ஊட்டி வரைக்கும் ருசியில்லை" என்றார். அந்த வழியில் 16 குகை என்று புத்தகத்தில் போட்டிருக்கும். சித்தப்பா எண்ணிக்கொண்டே வருவார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வீட்டுக்கு வந்து கட்டுரை எழுதினேன், அதில் பச்சைக் கம்பளத்தைப் போட்டேன். சித்தப்பா அதில் ஒரு வரியில்கூட இல்லை. போன வாரம் அந்தப் பக்கத்தை எடுத்துப் படித்தபோது எனக்கே கூசியது.

கண் சம்பந்தப்பட்ட சொல்லே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 'நேற்று டிவி பார்த்தேன்' என்று தாராளமாகச் சொல்லுங்கள். சித்தப்பாவும் அப்படித்தான் சொல்வார். 17 வயது வரை நீங்கள் கண்ணால் கண்ட மலையும் உங்களுடையதுதான். அதில் எது இன்னும் நினைவில் நிற்கிறது, எது மங்கிவிட்டது என்று சொன்னால் காது கொடுத்துக் கேட்பேன். கம்பளம் அந்த இரண்டிலும் சேராது. கொழுந்து வெட்டுகிற கத்திரிச் சத்தத்தை வைத்து அது பாட்டியின் கை என்று கண்டுபிடிப்பீர்களா? பனி மூடின காலையில் பக்கத்து வரிசையில் ஆள் நிற்கிறாரா என்று அவர்கள் எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்? இதெல்லாம் எனக்குத் தெரியாது, உங்களைத்தான் கேட்க முடியும்.

மழையை மறந்துவிட்டேனே. குரல் அறையில் எதிரொலித்தால் வீட்டிலிருக்கிற கம்பளியைக் கொடியில் மடித்துப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்து பேசுங்கள், மைக்கும் வாயும் ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும். கூரைமேல் விழுகிற ஐப்பசி மழையை எந்தக் கம்பளியும் தடுக்காது. பெய்துவிட்டுப் போகட்டும், அன்றைக்கு மழையைப் பற்றியே பேசுங்கள்.

இன்னொன்று. எபிசோடின் கடைசிப் பக்கம், நீங்கள் ஏதோ புள்ளிவிவரம் சொல்லிக்கொண்டிருக்கும்போது, தூரத்தில் ஒரு குரல், "ஏ புள்ள, அடுப்புல தண்ணி கொதிக்குது, யார்கிட்ட பேசிக்கிட்டிருக்க?" என்கிறது. நீங்கள் அதை வெட்ட மறந்துவிட்டீர்கள். பாட்டிதானே அது? அடுத்த முறை அவர் பக்கத்திலும் ஒரு மைக் வையுங்கள்.