வெள்ளத்தில் ஆடு மாடு செத்தால் நிவாரணம் வாங்குவது எப்படி? கேள்வி பதில்

ஐயா, எதுக்கு எவ்வளவு தர்றாங்க?

மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் 2022-26 விதிப்படி கறவைப் பசு, எருமைக்கு 37,500 ரூபாய், உழவு மாட்டுக்கு 32,000, கன்றுக்கு 20,000, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100. மிக்ஜாம் புயலின்போது, 2023 டிசம்பரில், தமிழ்நாடு அரசு மாட்டுக்கு 30,000, ஆட்டுக்கு 3,000 என்றிருந்ததை இந்த அளவுக்கு உயர்த்தியது. வீட்டை ஒட்டிய தொழுவம் இடிந்திருந்தால் 3,000 தனி. அதையும் மனுவில் மறக்காமல் எழுதுங்கள்.

அஞ்சு கறவை மாடு போச்சு அண்ணே. அஞ்சுக்கும் கிடைக்குமா?

கிடைக்காது. குடும்பத்துக்கு மூன்று கறவை மாடு, அல்லது முப்பது ஆடுதான் உச்சவரம்பு. உங்களுக்கு 1,12,500 வரும். ஆனாலும் ஐந்தையும் கணக்கெடுப்பில் ஏற்றுங்கள். பலன் தரும் கால்நடைக்கு மட்டுமே உதவி என்று விதியில் இருக்கிறது. வற்றிப்போன கிழமாடு என்று ஒன்றைத் தள்ளினாலும் மற்ற நான்கில் மூன்று நிற்கும்.

வயலுக்கு உரமாகட்டும்னு ராத்திரி ஆட்டை அடைச்சுக் கிடை போட வந்த இடத்துல 110 ஆடு செத்துப்போச்சு. நாலு பங்காளிங்க ஆடு. ஊர் கமுதி பக்கம், செத்தது தஞ்சாவூர்ப் பக்கம்.

முதலில், ஆடு செத்த கிராமத்தின் விஏஓவிடம் சொல்லுங்கள். சாவை நேரில் பார்த்து எழுத வேண்டியவர் அவர்தான், சொந்த ஊர் விஏஓ அல்ல. ஒரே ஆள் பெயரில் 110 என்று எழுதிவிட்டால் முப்பதோடு நின்றுவிடும், மற்ற மூன்று வீட்டுக்கும் ஒன்றும் இல்லை. யாருக்கு எத்தனை என்று காது வெட்டு, சாயக்குறி பார்த்துப் பிரித்து, நாலு குடும்ப அட்டைக்கும் நாலு மனுவாகக் கொடுங்கள். உண்மையான பங்குக் கணக்கை மட்டும் எழுதுங்கள். மந்தையே பிழைப்பாக இருப்பவருக்கு முப்பது என்பது மிகக் குறைவு. அந்த வரம்பை உயர்த்தத்தான் வேண்டும்.

டாக்டர் வர ரெண்டு நாள் ஆகுமாம். உடம்பு ஊதுது. புதைச்சிடலாமா?

புதைக்கும் முன் படம் எடுங்கள்: நாலு பக்கமும், முகம், காதில் மாட்டியிருக்கும் அடையாள வில்லையின் 12 இலக்க எண் தெளிவாகத் தெரியும்படி ஒன்று, நீங்களும் விஏஓவும் உடலருகே நிற்பது ஒன்று. கால்நடை மருத்துவரிடம் போனில் சொல்லி, படத்தை அனுப்பி, அவர் சரி என்றபின் புதையுங்கள். ஆறடிக் குழி, மேலே சுண்ணாம்பு, கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் எட்ட.

மூக்கு, வாய், ஆசனவாயில் உறையாத கறுத்த ரத்தம் கசிந்தால் அது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். தோலை உரிக்கவோ வயிற்றைக் கீறவோ விடாதீர்கள், மனிதருக்கும் தொற்றும்.

மாடு ஆத்தோட போயிடுச்சு. உடலே இல்ல.

இங்கேதான் நிறைய மனு விழுகிறது. மாடு உங்களிடம் இருந்தது என்பதற்கு எழுத்து வேண்டும்: காது வில்லைப் பதிவு, கோமாரித் தடுப்பூசி அட்டை, பால் சங்கப் புத்தகம். வெள்ளத்துக்கு முந்தின வாரம் வரை தினம் ஏழு லிட்டர் ஊற்றி, பிறகு நின்றுபோன கணக்கு நல்ல சான்று. அதோடு அக்கம்பக்கத்தார் கையெழுத்தோடு விஏஓ விசாரணை அறிக்கை.

மழை நேரத்துல பாம்பு கடிச்சு செத்தா?

இந்த நிதியில் வராது. அதற்குக் காப்பீடுதான் வழி.