கண்ணாடிக்குள் ஒளிக்கு ஒரு பாதை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி (இயற்பியல் முதுகலை மாணவி ஒருவர்): கண்ணாடி ஒளியைத் தடுப்பதில்லை. அப்படியிருக்க, வெளியிலிருந்து வரும் லேசர் கற்றை, மேற்பரப்பில் ஒரு கீறலும் விழாமல், கண்ணாடியின் நடுவில் மட்டும் ஒளி செல்லும் பாதையை எவ்வாறு எழுதுகிறது?

பதில்: நீங்கள் குறிப்பிடும் அந்த ஒளிபுகும் தன்மைதான் இந்த முறைக்கே அடிப்படை. தூய சிலிக்கா கண்ணாடியில் ஓர் எலக்ட்ரானைப் பிணைப்பிலிருந்து விடுவிக்க ஏறத்தாழ 9 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும்; 800 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசரின் ஒரு போட்டானிடம் (ஒளித்துகளிடம்) இருப்பதோ 1.55 எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே. ஊர் கூடித் தேர் இழுப்பதைப் போல, ஆறு போட்டான்கள் ஒரே இடத்தில், ஏறத்தாழ ஒரே கணத்தில் சேர்ந்தாலன்றி எலக்ட்ரான் விடுபடாது. சாதாரண ஒளியில் இதற்கு வாய்ப்பே இல்லை எனலாம். ஆனால் ஒரு மைக்ரோ ஜூலுக்கும் குறைவான ஆற்றலை 100 ஃபெம்டோ விநாடி நீளும் ஒரே ஒளித்துடிப்புக்குள் அடக்கி (ஒரு விநாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு ஒரு பிக்கோ விநாடி; அதில் ஆயிரத்தில் ஒரு பங்கே ஒரு ஃபெம்டோ விநாடி), நுண்ணோக்கி லென்ஸின் வழியே ஓரிரு மைக்ரோமீட்டர் அகலமுள்ள புள்ளியில் குவித்தால், அங்கே ஒளிச்செறிவு ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம் கோடி வாட்டைத் தாண்டிவிடுகிறது.

மேற்பரப்பு தப்பிப்பதன் காரணமும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. ஆறு போட்டான்களை ஒருசேர உட்கவரும் வேகம் ஒளிச்செறிவின் ஆறாம் அடுக்கைப் பொறுத்தது. செறிவு பாதியாகக் குறைந்தால் வேகம் 64-இல் ஒரு பங்காகச் சரிந்துவிடும். கண்ணாடிக்குள் நுழையும் இடத்தில் கற்றை இன்னும் அகன்றே இருப்பதால் அங்கு எதுவும் நிகழ்வதில்லை. குவியத்தில் விடுபட்ட எலக்ட்ரான்கள் அதே துடிப்பிலிருந்து மேலும் ஆற்றலை வாங்கி, சில பிக்கோ விநாடிகளில் அதைச் சுற்றியுள்ள அணுக்களுக்குக் கொடுத்துவிடுகின்றன. குளிர்ந்த பிறகு அந்த இடத்தின் ஒளிவிலகல் எண் (ஒளி ஒரு பொருளுக்குள் எவ்வளவு வேகம் குறைகிறது என்பதைக் காட்டும் எண்) சற்றே மாறியிருக்கும். கணினி இயக்கும் மேடையில் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போனால் அம்மாற்றம் ஒரு கோடாக நீள்கிறது. டேவிஸ், மியூரா, சுகிமோட்டோ, ஹிராவோ ஆகிய நால்வரும் ஜப்பானிலிருந்து 1996-இல் வெளியிட்ட கட்டுரைதான் இத்துறையின் தொடக்கம்.

கேள்வி: அந்த இடத்தில் கண்ணாடி உருகிவிடுகிறதா? எல்லா வகைக் கண்ணாடியிலும் இது முடியுமா?

பதில்: துடிப்புகளுக்கு இடையிலான நேரத்தைப் பொறுத்தது. விநாடிக்குச் சில ஆயிரம் துடிப்புகள் மட்டும் வந்தால், அடுத்த துடிப்பு வருவதற்குள் வெப்பம் பரவிப் போய்விடும். ஒவ்வொரு துடிப்பும் தனித்தே வேலை செய்யும். விநாடிக்குப் பத்து லட்சம் என்ற அளவில் வந்தால் வெப்பம் தேங்கி, போரோசிலிக்கேட் கண்ணாடி குவியத்தைச் சுற்றி உண்மையிலேயே உருகி மீண்டும் உறைகிறது. இவ்வாறு எழுதிய கோட்டின் குறுக்குவெட்டு பெரும்பாலும் வட்டத்தை ஒட்டியே அமைவது ஒரு வசதி. வெப்பம் தேங்காத முறையில் அது கற்றையின் திசையில் நீண்டுவிடும். அதைச் சரிசெய்ய லென்ஸுக்கு முன்னால் ஒரு குறுகிய பிளவை வைப்பார்கள், அல்லது பல கோடுகளை அடுத்தடுத்து எழுதி அகலத்தைக் கூட்டுவார்கள்.

கண்ணாடியின் வகையை அலட்சியப்படுத்துபவர் நிச்சயம் ஏமாறுவார். சிலிக்காவில் குவியத்தில் ஒளிவிலகல் எண் கூடுகிறது; அந்தக் கூடுதல் பெரும்பாலும் ஆயிரத்தில் சில பங்கு மட்டுமே என்றாலும், சுற்றுப்புறத்தைவிட எண் கூடிய பகுதியிலேயே ஒளி தங்கும் என்பதால், ஒளியை உள்ளே பிடித்து வைக்க அது போதும். சில பாஸ்பேட் கண்ணாடிகளில் அதே இடத்தில் எண் குறைந்துவிடுவதால் ஒளி கோட்டுக்குள் நில்லாமல் அதன் ஓரத்தை நாடும். லித்தியம் நியோபேட் போன்ற படிகங்களில் இரண்டு இணைகோடுகளை எழுதி, அவற்றுக்கு இடையிலுள்ள இறுக்கமான பகுதியையே பாதையாகப் பயன்படுத்துவதும் உண்டு. துடிப்பின் ஆற்றலை அளவுக்கு மீறிக் கூட்டினால் மட்டும் எந்தக் கண்ணாடியானாலும் முடிவு ஒன்றுதான்: நுண்ணிய வெற்றிடங்களும் விரிசல்களும்.

கேள்வி: சிலிக்கான் சில்லுகளில் அலைவழிகளை (ஒளி செல்லும் பாதைகளை) ஆயிரக்கணக்கில் அச்சிடும் காலத்தில், ஒவ்வொரு கோடாக எழுதும் இந்த முறை எதற்கு?

பதில்: அச்சு முறை தளத்தை விட்டு எழும்பாது, லேசர் எழுத்து மூன்று பரிமாணங்களிலும் வளையும். ஓர் ஒளியிழைக்குள் ஒளி செல்லும் ஏழு உள்ளகங்கள் அறுகோணமாக அமைந்திருக்கும்போது, அவற்றை ஒரே வரிசையில் நிற்கும் ஏழு தனி இழைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் சிறு கண்ணாடித் துண்டை இம்முறையில் செய்வது இயல்பாகவே எளிது. ஹவாயிலுள்ள சுபாரு தொலைநோக்கியில் விண்மீன் ஒளியை ஒன்றுசேர்த்து, ஒளியலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் எழும் குறுக்கீட்டை அளக்கும் கருவியிலும் இவ்வகைச் சில்லுகள் பயன்பட்டுள்ளன. 2009-இல் தனித்தனிப் போட்டான்களைக் கையாளும் குவாண்டம் ஒளிச்சுற்றுகளையும் இவ்வாறு எழுதிக் காட்டினார்கள்.

குறைகளும் உண்டு. சிறப்பாக எழுதிய அலைவழியிலும் சென்டிமீட்டருக்கு 0.1 டெசிபெல் (ஏறத்தாழ 2 சதவீதம்) அளவில் ஒளி இழப்பு ஏற்படுகிறது. தொலைத்தொடர்பு ஒளியிழையோ ஒரு முழுக் கிலோமீட்டருக்கு 0.2 டெசிபெல் அளவே இழக்கும். ஒளிவிலகல் எண்ணின் வேறுபாடு சிறியதாக இருப்பதால், வளைவை மில்லிமீட்டர் அளவுக்குச் சுருக்கினால் ஒளி வெளியே கசிந்துவிடும். சென்டிமீட்டர் கணக்கில் ஆரம் தேவை. கண்ணாடியின் விளிம்பை நெருங்கும்போது குவியும் கற்றையின் ஒரு பகுதி விளிம்பில் பட்டுச் சிதைவதால், கோட்டின் முனைகள் ஒழுங்காக அமைவதில்லை. ஆகவே எழுதி முடித்ததும் இரு முனைகளையும் சற்றுத் தேய்த்து மெருகேற்றிய பிறகே ஒளியிழையைப் பொருத்துகிறார்கள்.