எஞ்சினுக்கு ரப்பர் வேண்டுமா, வேண்டாமா?

கேள்வி: லோட்டஸ் செவன் வகைக் காருக்கு (இருவர் அமரும் சிறிய திறந்த ஸ்போர்ட்ஸ் கார்) நானே சட்டகம் வெல்டிங் செய்துகொண்டிருக்கிறேன். 2 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சின், ஃபோர்டு டைப் 9 கியர் பாக்ஸ், ஃபோர்டு சியரா காரின் டிஃபரென்ஷியல் (பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி). பந்தயக் கார்களைப் போல எஞ்சினை ரப்பர் இல்லாமல் நேராகப் போல்ட் போட்டுவிடலாமா? (லெஸ்டர்)

பதில்: சாலையில் ஓட்டுவதானால் வேண்டாம். 1967-இல் வந்த லோட்டஸ் 49 பந்தயக் காரில் எஞ்சினே சட்டகத்தின் பின்பாதி. அதை இறுக்கிப் பூட்டாவிட்டால் காரே இல்லை. உங்கள் சட்டகத்துக்கு அந்தத் தேவை கிடையாது.

நான்கு சிலிண்டர் எஞ்சினில் இரண்டு பிஸ்டன் ஏறும்போது இரண்டு இறங்கினாலும், ஓட்டத்தின் மேல்பாதியில் பிஸ்டனின் வேகம் அதிகம். அதனால் விசைகள் முழுதாக ஒன்றையொன்று ஈடுகட்டுவதில்லை. மிஞ்சுகிற விசை கிராங்க் ஒருமுறை சுற்றுவதற்குள் இருமுறை எஞ்சினை மேலும் கீழும் உலுக்கும்; 6,000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 200 முறை. 1.6 மி.மீ. கனமுள்ள சதுரக் குழாயில் அது முதலில் வெல்டிங்கின் ஓரத்தில்தான் விரிசலாகத் தெரியும். கார்பரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் நுரைப்பதும் இதே உலுக்கலால்தான். வெபர் டிசிஓஇ கார்பரேட்டரை ஓ-ரிங் வைத்து, சுருள் வாஷரை முழுக்க இறுக்காமல் அரை மி.மீ. இடைவெளி விட்டு மாட்டச் சொல்வது அதற்காகவே. ஏசி கோப்ரா ஸ்போர்ட்ஸ் காரின் நகல் கட்டுபவர்கள் ‘நாங்கள் ரப்பரே போடவில்லை’ என்று சொன்னால் நம்பலாம், ஆனால் பின்பற்ற வேண்டாம். அவர்களுடைய 90 டிகிரி வி8 (V வடிவில் எட்டு சிலிண்டர்) எஞ்சினில் இந்த உலுக்கல் இல்லை.

ரப்பர் 50 முதல் 60 ஷோர் ஏ (ரப்பரின் கடினத்தை அளக்கும் அலகு) கடினம் இருக்கட்டும். எஞ்சினை இறக்கி வைத்ததும் எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்துவிடுங்கள். 2.5 மி.மீ. அமுங்கினால் எஞ்சினின் இயல்பான ஆட்டம் நொடிக்கு சுமார் 10 முறை. 900 ஆர்பிஎம் ஐடிலில் உலுக்கல் 30 முறை என்பதால் இரண்டும் மோதாது. அரை மி.மீ.தான் அமுங்குகிறது என்றால் இயல்பான ஆட்டம் 22-க்குப் போய், உலுக்கலின் 30-ஐ நெருங்கிவிடும். ஐடிலிலேயே கண்ணாடியும் ஸ்டியரிங்கும் நடுங்கும்.

ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது எஞ்சினின் இடப்பக்கம் மேலே எழும்பும். ரப்பரை இரும்போடு ஒட்டிய இடம் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. ஆகவே ரப்பர் பிய்ந்தாலும் கழன்று வராதபடி உள்ளே கொக்கியுள்ள மவுன்ட்டாக வாங்குங்கள். எஞ்சினைச் சுற்றி, முக்கியமாக ஸ்டியரிங் தண்டுக்கு, 15 முதல் 20 மி.மீ. இடம் விடுங்கள்.

கேள்வி: எஞ்சினுக்கு ரப்பர் போட்டேன். கியர் பாக்ஸ் ஆடாமலிருக்க அதற்கு மட்டும் அலுமினியக் கட்டை வைத்து இறுக்கினேன். வால் ஹவுசிங் (கியர் பாக்ஸின் பின்முனை உறை) விரிசல் விட்டுவிட்டது. வார்ப்பில் குறையா? (கொவென்ட்ரி)

பதில்: வார்ப்பைக் குறை சொல்ல முடியாது. 150 நியூட்டன் மீட்டர் எஞ்சின், 3.65 விகித முதல் கியர் என்றால், எஞ்சினும் கியர் பாக்ஸும் சேர்ந்து சுமார் 550 நியூட்டன் மீட்டரோடு புரளப் பார்க்கும். முன்னால் ரப்பர் வளைந்து கொடுக்க, பின்னால் நீங்கள் பிடித்து வைத்தால், அந்த முறுக்கு முழுவதும் வால் ஹவுசிங் வழியாகவே சட்டகத்துக்குப் போகிறது. முன்னால் இறுக்கம், பின்னால் ரப்பர் என்பது சரிப்பட்டு வரும். முன்னால் ரப்பர், பின்னால் இறுக்கம் என்பது ஒருநாளும் கூடாது. நடுவில் ஒற்றை ரப்பர் மவுன்ட் வையுங்கள். போல்ட்டுகளைத் தளர்வாக மாட்டி, எஞ்சினைச் சிறிது நேரம் ஐடிலில் ஓடவிட்டு, அது தானே உட்கார்ந்த இடத்தில் இறுக்குங்கள். துளை பொருந்தவில்லையென்று கம்பியால் நெம்பி நுழைத்தால் பழைய விரிசலே திரும்பும்.

கேள்வி: டிஃபரென்ஷியலுக்கும் அதே ரப்பர்தானா? (டெர்பி)

பதில்: இல்லை. தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள பின்பக்கத்தில் கியர் பாக்ஸிலிருந்து வரும் அந்த 550-ஐ டிஃபரென்ஷியலின் 3.92 விகிதம் பெருக்கிவிடும், சுமார் 2,150 நியூட்டன் மீட்டர். மூக்கை (டிஃபரென்ஷியலின் முன்முனையை) பிடிக்கும் போல்ட் பின் போல்ட்டுகளிலிருந்து 35 செ.மீ. தள்ளியிருந்தால், கிளம்பும்போது மூக்கு 600 கிலோ எடைக்குச் சமமான விசையோடு மேலே தூக்கும். கிளட்ச்சைச் சட்டென்று விட்டால் அதற்கும் மேல். மெத்தென்ற ரப்பரில் மூக்கு எழும்பி, ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறி, கார் குதிக்கும்.

90 ஷோர் ஏ கடினமுள்ள பாலியூரித்தேன் புஷ் (போல்ட்டைச் சுற்றி வரும் உருளை), அல்லது நேரடிப் போல்ட். நேரடிப் போல்ட் என்றால் பின் அலுமினியத் தகடு பறை மாதிரி பல்சக்கர இரைச்சலை முழக்கும். அதைப் பொறுத்துக்கொள்பவருக்கு வேறு கெடுதல் இல்லை. போல்ட் போகும் ஒவ்வொரு குழாயிலும் குறுக்கே எஃகு ஸ்லீவ் வைத்து வெல்டிங் செய்யுங்கள். இல்லையேல் இறுக்க இறுக்கக் குழாய் நசுங்கிப் போல்ட் தளரும். ஒரு முனையில் புஷ், மறுமுனையில் இறுக்கம் என்று கலக்காதீர்கள், போல்ட் போகும் வார்ப்புக் காது உடையும். மாஸ்டா எம்எக்ஸ்-5 பாகங்களில் கட்டுபவர்கள் கியர் பாக்ஸையும் டிஃபரென்ஷியலையும் இணைக்கும் அலுமினிய உத்தரத்தை வெட்டி எறிய வேண்டாம். மூக்கின் தூக்கலைத் தாங்குவதே அதுதான்.

கேள்வி: ரப்பர் மவுன்ட் மாற்றியபின் ஸ்டார்ட் செய்தால் ஆக்சிலரேட்டர் கேபிள் சூடாகிறது. (லீட்ஸ்)

பதில்: ரப்பர் மின்சாரத்தையும் தடுக்கும். ஸ்டார்ட்டரின் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கேபிள் வழியாகத் திரும்புகிறது. எஞ்சினிலிருந்து சட்டகத்துக்கு 25 ச.மி.மீ. எர்த் பட்டை போட்டு, இரு முனையிலும் பெயின்ட்டைச் சுரண்டி இரும்பு தெரிந்தபின் இறுக்குங்கள்.