மைக்ரோகிரீன்ஸ் தட்டுக்கு மண்ணா, கோகோபீட்டா?

கேள்வி: பால்கனியில் வெந்தயம், கடுகு மைக்ரோகிரீன்ஸ் (முளைத்த சில நாளிலேயே அறுத்துச் சாப்பிடும் இளங்கீரை) வளர்க்க ஆசை. தோட்டத்து மண்ணே போதுமா, கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) வாங்க வேண்டுமா?
– வாசகி, மதுரை

பதில்: மண் வேண்டாம்மா. தட்டில் இறுகிவிடும், அறுக்கும்போது இலையெல்லாம் மண்ணாகும். கோகோபீட்டே நல்லது, ஆனால் அதில் உப்பு இருக்கும் என்பதால் கட்டியை ஊற வைத்து, இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசி, கையில் பிழிந்தால் ஓரிரு சொட்டு விழும் பதத்தில் 1 அங்குலத்துக்குப் பரப்புங்கள். உரமா? பத்து நாள் பயிருக்கு விதையில் உள்ள சத்தே தாராளம். கடுகு மட்டும் என்றால் ஈர டிஷ்யூ பேப்பரிலேயே வந்துவிடும், என்ன, ஒரு வேளை தண்ணீர் தெளிக்க மறந்தாலும் போச்சு! அறுத்த பிறகு மிஞ்சும் கோகோபீட்டில் மறுபடி விதைக்காமல் ரோஜாத் தொட்டியில் கொட்டுங்கள். அப்புறம், மருந்து கலந்த விதை மட்டும் வாங்கிவிடாதீர்கள்.